சுமைகூலியை முதலிலேயே சொல்லுங்கள்

உயர்தர வேட்டைத் துப்பாக்கிகளை எல்லை தாண்டி விற்கும் வியாபாரிகளுக்கும் ஏல நிறுவனங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். உங்கள் சரக்குக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. உங்கள் சுண்டைக்காயே முக்கால் பணம். சுமைகூலி அதற்கு மேல். அது எவ்வளவு என்பது, வாங்குகிறவன் முழுப் பணத்தையும் கட்டிய பிறகுதான், மாதத்துக்கு ஒரு பில்லாக அவனுக்குத் தெரியவருகிறது.

எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். விற்றவர் பெயர் வேண்டாம். உங்களில் பலரும் அதையே செய்கிறீர்கள். நான் வாங்கியது ஒரு இரட்டைக்குழல் ரைபிள். .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவுக்கானது, பாக்ஸ்லாக் வகைப் பூட்டு, இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் செய்தது. விற்பனைக் குறிப்பில் வால்நட் கட்டையின் ரேகையைப் பற்றி நான்கு வரி, செதுக்கு வேலையைப் பற்றி மூன்று வரி, குழல் நுனியில் குறிபார்க்க இருக்கும் முன்குறியில் 'அசல் தந்த மணி' என்று பெருமையாக இன்னொரு வரி. மங்கிய வெளிச்சத்திலும் குறி கண்ணில் படவேண்டும் என்று அந்தக் காலத்தில் முன்குறியின் நுனியில் தந்தத்தில் ஒரு பொட்டு பதிப்பார்கள். தினை அளவுதான் இருக்கும்.

அந்தத் தினை எனக்குப் பனையாகிவிட்டது. விற்பனைக் குறிப்பில் இருந்த தந்தம், பெட்டியோடு வந்த காகிதங்களில் இல்லை. சுங்க அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். யானைத் தந்தம் எல்லை தாண்ட வேண்டுமானால் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின்படி சான்றிதழ் வேண்டும். அந்த உடன்படிக்கை 1975-இல் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பழம்பொருளுக்கும் 'இது முந்தையது' என்று அனுப்பும் நாட்டு அதிகாரிகள் எழுதித்தர வேண்டும். அதுவும் பொருள் கிளம்பும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். கிளம்பிய பிறகு முன்தேதியிட்டு வாங்குவது நடக்காத காரியம். பறிமுதல் செய்திருக்கலாம். நல்ல மனிதர், திருப்பி அனுப்ப விட்டார். ரைபிள் புறப்பட்ட இடத்துக்கே போனது. மணியை எடுத்துவிட்டு வெள்ளை எனாமல் பொட்டு வைத்தார்கள். மறுபடி ஏற்றுமதி உரிமம், மறுபடி விமானக் கூலி. இடையில் கிடங்கு வாடகை நாள்கணக்கில் ஏறியது. எல்லாம் என் தலையில். அந்த மணியைப் பற்றிப் பெருமையாக எழுதத் தெரிந்தவருக்கு அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும் என்பது தெரியாமல் போனதை நான் இன்னும் நம்பவில்லை.

இத்தனை தொல்லை எதற்கு, பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இந்தத் தொழில் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். பர்மிங்காம், லண்டன், லியேஜ், ஃபெர்லாக், ஜூல், கார்டோனே என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஊர்களில்தான் இந்த வேலை வளர்ந்தது. இரட்டைக்குழலில் இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுடவேண்டும். அதற்காகப் பட்டறைக்காரர் சுட்டுப் பார்ப்பார், இரண்டு குழல் முனைகளையும் ஒட்டிவைத்திருக்கும் பற்றாசை உருக்குவார், நடுவில் இருக்கும் சிறு ஆப்பை ஒரு மயிரிழை நகர்த்துவார், ஆறவிட்டு மறுபடி சுடுவார். குறிப்பிட்ட ஒரு தோட்டாவுக்கென்றே அப்படிப் பழக்கப்படுத்திய துப்பாக்கிக்கு மாற்றாக இன்னொன்றை எடுத்துக்கொள்ள முடியாது. எங்கே இருக்கிறதோ அங்கேதான் போய் வாங்கவேண்டும். இது உங்களுக்கும் தெரியும், அதனால்தான் எங்கள் அவசரத்தை நன்றாகப் பயன்படுத்துகிறீர்கள்.

கணக்குக்கு வருகிறேன். எந்த நாட்டுப் பணமும் வேண்டாம், வெறும் எண்ணிக்கையாக வைத்துக்கொள்வோம். ஏலத்தில் 100-க்குக் கை தூக்குகிறேன். ஏல விலைக்கு மேல் நீங்கள் வாங்கும் கட்டணமான பிரீமியம் 25 சேர்ந்து 125. கூலியும் காப்பீடும் 10, ஆக 135. பல நாடுகளில் இந்த 135-தான் சுங்க மதிப்பு. சில நாடுகள் கூலியைக் கழித்துவிட்டுக் கணக்கிடும், அந்த முடிவை உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் அந்தந்த நாட்டுக்கே விட்டிருக்கிறது. இறக்குமதி வரி 10 சதவீதம் என்றால் 13.50. ஆக 148.50. மதிப்புக்கூட்டு வரி 20 சதவீதம் இந்தக் கூட்டுத்தொகையின் மேல் விழும்: 29.70. ஆக 178.20. அதாவது உங்கள் பிரீமியத்துக்கும் வரி, விமானக் கூலிக்கும் வரி, வரிக்கும் வரி. இதற்குமேல் உரிமக் கட்டணம், கிளியரிங் ஏஜென்ட், கிடங்கு, வங்கி நாணய மாற்றில் எடுத்துக்கொள்ளும் பங்கு. 190-ஐத் தொட்டுவிடும். சதவீதங்கள் நாட்டுக்கு நாடு மாறும், ஏணியின் படிகள் மாறாது. கை தூக்கும்போது என் மனதில் இருந்தது 100.

இதில் நீங்கள் குறைத்துத் தரக்கூடியது ஒன்று இருக்கிறது, அதை நாங்களாகக் கேட்டால்தான் வாயைத் திறக்கிறீர்கள். உள்ளூர் வரி சேர்த்து 120 என்று விலை போட்ட கடைத் துப்பாக்கி முறைப்படி ஏற்றுமதியானால், பெரும்பாலும் அந்த வரி கழியும். 20 சதவீத வரி என்றால் 120-இல் கழியவேண்டியது 20. விலை 100. அதை '15 சதவீதம் உங்களுக்காக விசேஷத் தள்ளுபடி' என்று 102-க்குத் தந்த புண்ணியவானையும் பார்த்திருக்கிறேன்.

கூலியை எடைக்குப் போடுவார்கள் என்றுதான் முதல்தடவை வாங்குபவர் நினைப்பார். ரைபிள் நான்கைந்து கிலோ. ஆனால் அதை 130 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 20 உயரப் பெட்டியில் வைத்தால், விமானச் சரக்கில் மூன்றையும் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள்: 13 கிலோ. கூரியர் பலரும் 5000-ஆல் வகுப்பார்கள்: 15.6 கிலோ. குழலைக் கழற்றிக் குட்டையான பெட்டியில் அனுப்பினால் பாதியாகக் குறையும். இரட்டைக்குழல் ரைபிள் கழற்றுவதற்கென்றே செய்தது. பிறகு ஏன் பூட்டிய நிலையில் சவப்பெட்டி மாதிரி ஒன்றில் அனுப்புகிறீர்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

இன்வாய்ஸில் நீங்கள் எழுதும் ஒரு சொல்லுக்கு இருக்கும் விலையைக் கொஞ்சம் யோசியுங்கள். சுங்கப் பட்டியலில் வேட்டை ரைபிளின் குறியீடு 9303.30. ஜூல், ஃபெர்லாக் பட்டறைகளின் டிரில்லிங் போல ரவைக்குழலும் ரைபிள் குழலும் சேர்ந்த துப்பாக்கி 9303.20, ரவைத்துப்பாக்கிகளோடு சேரும். 100 வயது தாண்டிய பழம்பொருள் ஆயுதங்களுக்கான 93-ஆம் அத்தியாயத்திலேயே வராமல் 9706-க்குப் போகலாம், அங்கே பல நாடுகளில் வரி குறைவு. 'பழைய ரைபிள், ஒன்று' என்று நீங்கள் எழுதினால் இந்த வாசல் ஒன்றும் எனக்குத் திறக்காது. செய்த ஆண்டுக்கு ஆதாரமாகத் தயாரிப்பாளரின் பதிவேட்டுக் கடிதம் ஒன்று வாங்கி இணைத்தால் அதன் செலவு போலப் பல மடங்கு மிச்சம். அதற்காக வரிக்குப் பழம்பொருள் என்றால் உரிமத்துக்கும் பழம்பொருள் என்று வாங்குபவரிடம் சொல்லிவிடாதீர்கள். அது தனிச் சட்டம், தனி வயது. அமெரிக்காவில் 1898-இலோ அதற்கு முன்போ செய்ததைத்தான் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம் பழம்பொருள் என்கிறது. 1910-இல் செய்தது வரிக்காரருக்குக் கிழவன், உரிமக்காரருக்கு வாலிபன்.

விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்று கண்ணடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேண்டாம். பாதி விலை எழுதிய பெட்டி வழியில் தொலைந்தால் காப்பீடும் பாதிதான் வரும். ஏல விலைகளை அதிகாரிகளும் தேடிப் பார்க்கிறார்கள். மாட்டினால் அபராதத்தோடு போகாது, என் உரிமமும் போகும். உங்களுக்கு ஒன்றும் ஆகாது.

இறக்குமதி முத்திரை விஷயத்தைத்தான் யாருமே பேசுவதில்லை. 2001-இல் ஐ.நா. ஏற்ற துப்பாக்கி நெறிமுறை, இறக்குமதியாகும் ஆயுதத்தில் எந்த நாட்டுக்கு வந்தது என்பதையும், முடிந்தால் எந்த ஆண்டில் என்பதையும் காட்டும் அடையாளம் கேட்கிறது. அமெரிக்காவில் இறக்குமதியாளர் பெயரும் ஊரும் கண்ணில் படும்படி, குறைந்தது 0.003 அங்குல ஆழத்தில் பொறிக்கவேண்டும். ஒரு தலைமுடியின் கனம். கேட்கச் சின்னதுதான். ஆனால் நண்பர் ஒருவரின் ரைபிளில் அதைப் பார்த்தேன்: நூறாண்டு கறுத்து மினுங்கிய குழலின் பக்கவாட்டில், தயாரிப்பாளரின் பெயர் கையால் வெட்டிய அழகான எழுத்தில் ஓடும் இடத்துக்கு அடுத்து, இயந்திரம் குத்திய புள்ளி எழுத்துகளில் ஒரு கம்பெனி முகவரி. எழுத்தின் ஓரத்தில் உலோகம் மேலெழுந்து விரலில் உரசியது. சட்டம் அங்கேதான் குத்தவேண்டும் என்று சொல்லவில்லை. அடிப்பக்கத்தில், செதுக்கு வேலைக்காரர் கையால், ஒரே அளவில் பொறித்திருக்கலாம், விதியும் நிறைவேறியிருக்கும். பெட்டி கிளம்பும் முன் இறக்குமதியாளருக்கு நீங்கள் ஒரு கடிதம் போட்டிருந்தால் போதும்.

துப்பாக்கி தாங்குமா என்று கூடுதல் அழுத்தத்தில் சுட்டுப் பார்க்கும் சோதனைச் சூடும் அப்படித்தான். இந்தச் சோதனைக்கான சர்வதேச அமைப்பான சி.ஐ.பி.யின் உறுப்பு நாடுகள் ஒன்றின் சோதனை முத்திரையை மற்றது ஏற்கும்; 1914-இல் தொடங்கிய ஏற்பாடு அது. அந்த முத்திரை இல்லாத துப்பாக்கி அந்த நாடுகளுக்குள் வந்தால், ரைபிள் என்றால் வழக்கமான உச்ச அழுத்தத்துக்கு 25 சதவீதம் மேலே போகும் தோட்டாவைச் சுட்டுப் பார்ப்பார்கள். வயதான இரட்டைக்குழல் அதில் பூட்டு தளர்ந்தால் நஷ்டம் யாருக்கு? உங்கள் விற்பனை நிபந்தனைகளில் நான் தேடிப் பார்த்தேன். என்னுடைய நஷ்டம்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முன்பணம் வாங்கும் முன் ஒரே ஒரு தாள். அதில் உங்கள் பிரீமியமும் பேக்கிங்கும் ஏற்றுமதி உரிமக் கட்டணமும் தனித்தனியாக, பெட்டியின் அளவு, சுங்கக் குறியீடு, செய்த ஆண்டு, குழலிலும் பூட்டிலும் முன்கட்டையிலும் இருக்கும் வரிசை எண் மூன்றும். தந்தம், ஆமை ஓடு, ரோஸ்வுட் எங்காவது இருக்கிறதா என்பது. சரக்கு எந்த இடத்தில் உங்கள் பொறுப்பிலிருந்து என் பொறுப்புக்கு மாறுகிறது என்பது; 'அனுப்பிவைக்கப்படும்' என்ற மழுப்பல் சொல்லுக்குப் பதிலாக இன்கோடெர்ம்ஸ் என்ற சர்வதேச வணிகக் குறிச்சொற்களில் ஒன்றின் மூன்றெழுத்தைப் போடுங்கள். என் இறக்குமதி அனுமதி வராமல் உங்கள் ஏற்றுமதி உரிமம் நகராது என்பதையும், அனுமதி மறுத்தால் முன்பணம் என்ன ஆகும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். என் நாட்டு வரியை நீங்கள் சொல்லவேண்டியதில்லை, அதை நானே கூட்டிக்கொள்வேன். கூட்டுவதற்கு எண்கள் வேண்டும், அவ்வளவுதான்.

உங்களில் ஒருவரின் அடுத்த ஏலத்தில் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டாவுக்குச் செய்த ஒரு பழைய மவுசர் போல்ட் ரைபிள் இருக்கிறது. முன்குறியில் வெள்ளையாக ஒரு மணி படத்தில் தெரிகிறது. அது எதில் செய்தது என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் கை தூக்குவேன்.

இப்படிக்கு,
இன்னும் கிடங்கு வாடகை ரசீதுகளைக் கோப்பில் வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளன்