ஈயோட இடதும் வலதும்

ஆசிரியருக்கு வணக்கம். உடம்போட ரெண்டு பக்கமும் ஒரே அளவா இல்லன்னா ஜீன்ல கோளாறுன்னு ஞாயிறு இணைப்புல போட்டிருந்தீங்க, அது அவ்ளோ சிம்பிள் இல்லீங்க. பழ ஈயை மைக்ரோஸ்கோப்புல வெச்சு மார்போட பக்கவாட்டுல இருக்கற முடிய எண்ணிப் பாத்தா இடது பக்கம் 9, வலது பக்கம் 10னு இருக்கும், அடுத்த ஈக்கு அதுவே தலைகீழா இருக்கும், ஆனா ரெண்டு பக்கத்துக்கும் ஜீனும் ஒண்ணுதான் தீனியும் ஒண்ணுதான், அப்போ மிச்சம் இருக்கறது வளரும்போது நடக்கற சின்னச் சின்ன தற்செயல்தானே.

ஜீன் எங்க வருதுன்னா, அந்தத் தற்செயலை அடக்கி வைக்கறதுல. 2012-ல டில்ப்8னு ஒரு ஹார்மோன் பத்தி வெளிய வந்துச்சு. புழுவா இருக்கும்போது ஒரு இறக்கை மொட்டு (பின்னால இறக்கையா வளரப்போற திசு) அடிபட்டா அதுலேர்ந்து இது கிளம்பி மூளைக்குச் சேதி சொல்லும், உடனே கூட்டுப்புழு ஆகறது தள்ளிப்போகும், மத்த உறுப்பும் கொஞ்சம் மெதுவா வளந்து பின்தங்குனதுக்காகக் காத்திருக்கும். இந்த ஹார்மோனுக்கான ஜீன் வேலை செய்யாத ஈக்கள்ல இடது வலது இறக்கை அளவு வித்தியாசம் கூடிப்போகுது. அடுத்த தடவை ஜீன் கோளாறுன்னு போடாம, தற்செயல்னு ஒரு வார்த்தையும் சேத்துப் போடுங்க சார்.

இப்படிக்கு, ஒரு வாசகர்