மண்ணில் கிடந்த ஆட்டமா கபடி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் உங்கள் பேப்பர்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன். சென்ற ஞாயிறு இணைப்பில் விளையாட்டும் சமுதாயமும் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதில் ஒரு வரி: “2014-இல் தொலைக்காட்சிக்கு வந்த பிறகுதான் கபடி மண்ணைவிட்டு எழுந்து மரியாதை பெற்றது.” மூன்று நாளாகியும் அந்த வரி என்னை விடவில்லை. எனக்கு 63 வயது. பள்ளியிலும் கல்லூரியிலும் கபடி ஆடினேன். அப்புறம் 31 ஆண்டு உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். நாங்கள் ஆடியதெல்லாம் மரியாதை இல்லாத ஆட்டமா ஐயா?

தொலைக்காட்சி வருவதற்கு முன்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் நடந்தபோது மகாராஷ்டிரத்து அமராவதியிலிருந்து போன குழு அங்கே கபடி ஆடிக் காட்டியது. 1990-இல் பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டில் சேர்த்தார்கள். அந்த முதல் தங்கமே நமக்குத்தான். 1994-இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் இருந்தார். மறு ஆண்டு அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. நீங்கள் சொல்லும் அந்தத் தொலைக்காட்சிப் போட்டி, புரோ கபடி லீக், தொடங்க அப்போது இன்னும் 19 ஆண்டு இருந்தது. மணத்தியில் போய் இந்த வரியை யாராவது படித்துக் காட்ட முடியுமா?

லீக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான்கு ஏழைப் பையன்கள் அதனால் வீடு கட்டியிருக்கிறார்கள் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். ‘மண்ணைவிட்டு எழுந்து’ என்று எழுதியதுதான் வலிக்கிறது. அந்த மண்ணை ஆடுகளமாக்க என்ன பாடு பட வேண்டும் என்று எழுதியவருக்குத் தெரியுமா? எங்கள் ஊரில் அறுவடை முடிந்து தாள் காய்ந்ததும் மாசி மாதத்தில் வயலில் களம் போடுவோம். கட்டியை உடைத்து, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து மிதித்து, மேலே ஆற்று மணலும் உமியும் பரப்பிச் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். பெண்கள் களத்துக்குத் தனி அளவு உண்டு. அதைக் கயிறு பிடித்து அளந்தது நாங்களே. முட்டியில் தோல் உரியாமல் ஒரு நாளும் வீடு திரும்பியதில்லை. பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஆடினோம். போட்டிக்கு அரை டிராயர் போட வேண்டும் என்றதும் பாதிப் பெண்கள் நின்றுவிட்டார்கள். என் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே சைக்கிளில் கூட்டிப்போய்ப் போட்டி நடந்த இடத்தில் இறக்கிவிட்டார். அது மரியாதை இல்லையா?

1980-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் அணியில் ஓரத்தில் நின்று பிடிக்கும் கார்னர் ஆட்டக்காரி காலனியிலிருந்து வந்தவள். கணுக்காலைப் பிடித்தாளென்றால் எதிரணிக்காரி கோட்டுக்குத் திரும்ப முடியாது. அவளுக்கு அடுத்து நிற்பது நான். கபடியில் பிடிக்க நிற்பவர்கள் பெரும்பாலும் கை கோத்துத்தான் நிற்பார்கள். கையை விட்டால் சங்கிலி அறுந்துவிடும். பக்கத்து ஊர்த் திருவிழாப் போட்டியில் அன்று நாங்கள் ஜெயித்தோம். குத்துவிளக்கு கொடுத்தார்கள். அப்புறம் ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டில் சாப்பாடு. எங்கள் ஆறு பேரைக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். அவளை மட்டும் கொல்லைப்பக்கம் போகச் சொன்னார்கள். அவள் ஒன்றும் பேசாமல் போனாள். நாங்களும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டோம். ஒரு மணி நேரம் முன்புவரை அவள் கையை விடாமல் பிடித்திருந்த நான், அந்த வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை ஆண்டு கழித்தும் அந்தச் சோறு எனக்குச் செரிக்கவில்லை.

விளையாட்டால் சமுதாயம் ஒன்றுபடுகிறது என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. கோட்டுக்குள்ளே ஒன்றுபடுகிறது, நானே சாட்சி. தொட்டால்தான் புள்ளி, பிடித்தால்தான் ஆட்டம் என்ற விதியை யாராலும் மாற்ற முடியாது. கோட்டுக்கு வெளியே வந்ததும் என்ன நடக்கிறது என்பதையும் எழுதியிருந்தால் அந்தக் கட்டுரையை நான் வெட்டிப் பத்திரப்படுத்தியிருப்பேன்.

இன்னொன்று. முழுப் பக்கக் கட்டுரையில் பெண்கள் என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை. இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். ஆசிய விளையாட்டில் பெண்கள் கபடி வந்ததே 2010-இல்தான், ஆண்களுக்கு 20 ஆண்டு கழித்து. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா நூறு பதக்கத்தைத் தாண்டியதைக் கொட்டை எழுத்தில் போட்டீர்களே, 2023 அக்டோபர் 7 அன்று அந்த நூறாவது பதக்கத்தை வாங்கித் தந்தது பெண்கள் கபடி அணி. சீன தைபேயை 26-25 என்று ஒரே புள்ளியில் ஜெயித்த ஆட்டம் அது. நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பார்த்தேன். மரியாதை கொடுத்ததாக நீங்கள் சொல்லும் அந்த லீக்காரர்கள் 2016-இல் மூன்று அணிகளை வைத்துப் பெண்களுக்கு ஒரு போட்டி நடத்தினார்கள். அதோடு சரி. கண்ணகி நகர் கார்த்திகா 2025-இல் பஹ்ரைன் போய் இளையோர் ஆசிய விளையாட்டில் தங்கத்தோடு வந்தார். சென்னை நகரத்துக்குள்ளிருந்து ஏழைகளைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லவே தயங்கிய பிள்ளைகளை நிமிர்ந்து சொல்ல வைத்தது எது என்று யோசித்துப் பாருங்கள்.

எழுத உட்கார்ந்துவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த பள்ளிகளில் விளையாட்டுப் பீரியட் என்பது கால அட்டவணையில் மட்டும்தான் இருந்தது. “டீச்சர், போர்ஷன் முடியலை, இன்னைக்கு ஒருநாள் குடுங்க” என்று கணக்குக்காரர் வருவார். மறுநாள் அறிவியல். தேர்வு நெருங்கினால் கேட்கக்கூட மாட்டார்கள். ஒரு பள்ளியில் மைதானத்தின் பாதியில் வகுப்பறைக் கட்டடம் எழுந்தது. மீதிப் பாதியில் வண்டி நிறுத்தினார்கள். அங்கே கபடிக்கு ஒரு களம் போட நான் ஆறு ஆண்டு மனு எழுதினேன். கடைசியில் பிள்ளைகளோடு பக்கத்து வயலுக்கே போனேன். பதினான்கு வயதில் எதிரணிக் களத்துக்குள் நன்றாகக் ‘கபடி’ பாடிப்போன பெண்களைப் பதினெட்டில் தாலியோடு பேருந்து நிறுத்தத்தில் பார்த்திருக்கிறேன். “இப்பவும் ஆடுறீங்களா டீச்சர்?” என்று கேட்பார்கள். நான் என்ன பதில் சொல்ல?

உங்கள் நிருபர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. மாவட்டப் போட்டியில் என் பிள்ளைகள் ஜெயித்தபோது உங்கள் பேப்பரில் படம் வந்தது. சிறப்பு விருந்தினர் நடுவில் நின்றார், பிள்ளைகள் அவருக்குப் பின்னால். அவர் பெயர், பதவி எல்லாம் சரியாக இருந்தது. பிள்ளைகள் பெயர் இல்லை. ‘மாணவிகள்’ என்று மட்டும் போட்டிருந்தீர்கள். அதைக்கூட ஒரு பெண் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தாள். தன் தலையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள்.

அந்தக் கட்டுரைக்குத் திருத்தம் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. மாவட்டப் பக்கத்தில் ஒரு ஓரம் போதும். குறுவட்ட, மாவட்டப் போட்டிகளில் ஜெயிக்கும் பெண்கள் அணியின் எழுவர் பெயரையும் முதலெழுத்தோடு போடுங்கள். படம் வேண்டாம், பாராட்டும் வேண்டாம். எங்கள் குறுவட்டப் போட்டி அடுத்த மாதம் நடக்கிறது. நிருபரை அனுப்ப வசதியில்லை என்றால் பரவாயில்லை. நான் அங்கேதான் இருப்பேன். பெயர்களைப் பிள்ளைகளிடமே கேட்டு எழுதி, இரவு எட்டு மணிக்குள் உங்கள் அலுவலகத்தில் சேர்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.