தள்ளிப்போன தேதிகளும் தபால் வாக்கும்: சுப்பையாவுக்கு ஒரு கடிதம்

மில்வாக்கி, விஸ்கான்சின்
23 ஆகஸ்ட் 2020

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் மே மாதமே வந்துவிட்டது. பதில் எழுதாததற்கு ஊரடங்கைக் காரணம் காட்டினால், வீட்டுக்குள்ளேயே கிடந்தவனுக்கு எழுத நேரமில்லையா என்று கேட்பாய். ஆகவே காரணம் எதையும் சொல்லப்போவதில்லை. விஜயாவுக்கு ஒருவழியாக விமானம் கிடைத்து ஜூலைக் கடைசியில் வந்து சேர்ந்தாள், நலமாக இருக்கிறாள். மதினியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இருளப்பன் மறுபடியும் நிலம் வாங்கப்போவதாக எழுதியிருந்தாயே, அவனைத் தடுக்க அங்கே ஒருவருமில்லையா?

உன் கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். கொள்ளைநோய் நடுவில் தேர்தல் நடத்தியே தீரவேண்டும் என்று உங்களுக்கு என்ன தலையெழுத்து, வாழைத்தார் விவகாரத்தையே இரண்டு வாரம் தள்ளிவைத்தவர்கள் அல்லவா நாம் என்று. அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம் முழுவதும் பதில். வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்து பழகிய உன்னைப் போன்ற ஒருவனிடம் சொல்லாவிட்டால் இது எனக்குச் செரிக்காது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். நம் நாட்டில் அரசமைப்பின் 324ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தேர்தல் ஆணையம் ஓர் அறிவிப்பை வெளியிட்டு மார்ச் மாத மாநிலங்களவைத் தேர்தலைத் தள்ளிவைத்தது, ஜூன் மாதத்தில் நடத்தியும் முடித்தது. இங்கே நாடு முழுவதற்கும் அப்படி ஆணையிடக்கூடியவர் எவருமில்லை. அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரித் தேர்தலை மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனிச் சட்டப்படி, தனித்தனி நாளில் நடத்துகிறார்கள். விஸ்கான்சினில் அதை நடத்துகிறவர்கள் ஊருக்கு ஒருவராக இருக்கும் நகர எழுத்தர்கள். மாநிலம் முழுவதும் அவர்கள் 1,800 பேருக்கும் அதிகம். அவர்களில் பலர் பகுதி நேர ஊழியர்கள்.

தொற்று பரவத் தொடங்கியதும் ஒவ்வொரு மாநிலமும் தனக்குத் தோன்றிய வழியில் போயிற்று. லூசியானா முதலில் தள்ளிவைத்தது. பிறகு தள்ளிவைத்ததையும் ஒருமுறை தள்ளிவைத்து ஜூலையில் நடத்தியது. ஜார்ஜியா மார்ச்சிலிருந்து மே மாதத்துக்கும், அங்கிருந்து ஜூனுக்கும் போனது. ஓஹையோவில் நடந்ததைக் கேட்டால் நீ நம்பமாட்டாய். மார்ச் 17 காலை வாக்குப்பதிவு. அதற்கு முந்தைய நாள் ஆளுநர் மைக் டிவைன் தள்ளிவைக்க வேண்டும் என்கிறார், நீதிபதி ஒருவர் முடியாது என்கிறார், இரவோடு இரவாகச் சுகாதாரத் துறை இயக்குநர் எமி ஆக்டன் நோய்த்தடுப்பு அதிகாரத்தைக் கொண்டு வாக்குச்சாவடிகளை மூட உத்தரவிடுகிறார். அதே செவ்வாய்க்கிழமை ஃபுளோரிடாவிலும் இல்லினாயிலும் அரிஸோனாவிலும் வாக்குப்பதிவு வழக்கம்போல நடந்தது. அடுத்த வாரம் ஓஹையோ சட்டமன்றம் கூடி, ஏப்ரல் 28 வரை பெரும்பாலும் தபால் வழியாகவே வாக்களிக்கலாம் என்று தீர்மானித்தது. இரவில் பார்க்க அலங்கோலமாக இருந்தாலும், அதற்குப் பிறகாவது எல்லோரும் ஒரு தேதிக்கு ஒப்புக்கொண்டார்கள்.

எங்கள் மாநிலத்தில் அந்த ஒப்புதல்தான் கடைசிவரை வரவில்லை. ஏப்ரல் 7ஆம் தேதித் தேர்தல் வெறும் பிரைமரி மட்டுமல்ல. மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி இடம், மில்வாக்கி மேயர், பள்ளி வாரியங்கள், சிற்றூர் மன்றங்கள் என்று எல்லாமே அதே வாக்குச்சீட்டில் இருந்தன. உள்ளாட்சிப் பதவிகளின் காலம் அதே ஏப்ரல் மாதத்தில் முடிகிறது. தள்ளிவைத்தால் காலியாகும் நாற்காலிகளில் யார் உட்காருவது என்ற கேள்வி நியாயமான கேள்வி. அதைச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை வைத்திருந்த குடியரசுக் கட்சிக்காரர்கள் கேட்டார்கள் என்பதற்காக அது அநியாயமாகிவிடாது. ஆளுநர் டோனி எவர்ஸ் ஜனநாயகக் கட்சிக்காரர். (இங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்து வருகிறவர், ராஜ்பவனில் தேநீர் விருந்து வைப்பவர் அல்ல.) அவரே முதலில் தேர்தல் நடக்கட்டும் என்றுதான் இருந்தார். மார்ச் 27இல், பதிவான எல்லா வாக்காளர்களுக்கும் தபால் வாக்குச்சீட்டை அனுப்பிவிட ஒப்புதல் தாருங்கள் என்று சட்டமன்றத்தைக் கேட்டார். பத்து நாளில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உறைகளை அச்சிட்டு அனுப்ப முடியாது என்று குடியரசுக் கட்சி சொன்னது. அதிலும் உண்மை இருந்தது. ஆனால் முடிந்ததைச் செய்யவும் அவர்கள் முன்வரவில்லை. ஏப்ரல் 4, சனிக்கிழமை சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார் எவர்ஸ். அவை தொடங்கியது என்று சுத்தியலைத் தட்டினார்கள், சில நொடிகளில் ஒத்திவைக்கிறோம் என்று மறுபடி தட்டினார்கள்.

பிறகு வந்தது ஏப்ரல் 6, வாக்குப்பதிவுக்கு முதல் நாள். தள்ளிவைக்கும் அதிகாரம் எனக்கில்லை என்று அதுவரை சொல்லிவந்த எவர்ஸ், நேரில் வாக்களிப்பதை ஜூன் 9க்கு மாற்றி ஆணை பிறப்பித்தார். அன்று மாலைக்குள் மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 2 என்ற கணக்கில் அதை ரத்துசெய்தது. அந்தத் தேர்தலிலேயே வேட்பாளராக நின்ற நீதிபதி டேனியல் கெல்லி மட்டும் ஒதுங்கிக்கொண்டார். அன்றே வாஷிங்டனிலிருந்து இன்னொரு தீர்ப்பு: தபால் வாக்குகள் ஏப்ரல் 13 வரை வந்து சேரலாம், எப்போது அனுப்பினாலும் பரவாயில்லை என்று மேடிசன் நகரக் கூட்டாட்சி நீதிபதி வில்லியம் கான்லி தந்திருந்த சலுகையை, நாட்டின் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று திருத்தி, ஏப்ரல் 7ஆம் தேதிக்குள் அஞ்சல் முத்திரை விழுந்திருக்க வேண்டும் என்றது. அதற்குள் வாக்குச்சீட்டே கையில் கிடைக்காத ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். சீட்டுக்குக் காத்திருப்பதா, முகக்கவசத்தோடு வரிசையில் போய் நிற்பதா என்பதை அவர்கள் ஓர் இரவுக்குள் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

மில்வாக்கியில் வழக்கமாக 180 வாக்குச்சாவடிகள். தேர்தல் பணிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற முதியவர்கள். அவர்கள் வர அஞ்சியதால் அன்று திறந்தவை 5. ஏறக்குறைய ஆறு லட்சம் மக்கள் வாழும் நகரத்தில் ஐந்தே ஐந்து பள்ளிக்கூடங்கள்! பசுமை விரிகுடா என்று நீ கேலியாக மொழிபெயர்ப்பாயே, அந்தக் கிரீன் பே நகரில் 31 சாவடிகளுக்குப் பதில் 2. தேசியக் காவல் படையினரைச் சீருடையில்லாமல் வரவழைத்து மேசைகளில் உட்காரவைத்தார்கள். எங்கள் பக்கத்து ரிவர்சைடு உயர்நிலைப் பள்ளியின் வரிசை பல தெருக்களைச் சுற்றிப் போயிற்று. மழையும் ஆலங்கட்டியும் பெய்தபோதும் ஆளுக்கு ஆறடி இடைவெளி விட்டு நின்றார்கள். குடியரசுக் கட்சிக்காரரான மாநிலப் பேரவைத் தலைவர் ராபின் வாஸ் முகக்கவசம், கையுறை, மருத்துவ மேலங்கி எல்லாம் அணிந்துகொண்டு, வெளியே வருவது மிகவும் பாதுகாப்பானது என்று தொலைக்காட்சியில் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பதா, எதையாவது எடுத்து எறிவதா என்று தெரியவில்லை. நேரில் வாக்களித்தவர்கள், பணியாற்றியவர்கள் ஆகியோரில் 70க்கும் மேற்பட்டோருக்குப் பின்னர் தொற்று உறுதியானதாக மாநிலச் சுகாதாரத் துறை சொன்னது. அவர்களில் சிலருக்கு வேறு வழியிலும் தொற்றியிருக்கலாம் என்பதால் எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

நான் வரிசையில் நிற்கவில்லை. எனக்கு வாக்குச்சீட்டு மார்ச் மாதமே தபாலில் வந்துவிட்டது. ஆனால் சுப்பையா, இதில் உனக்கு மிகவும் பிடிக்கப்போகும் ஒரு பகுதி இருக்கிறது. தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்கள் தபால் வாக்குப் போடுவதற்கு 13ஏ படிவத்தைத் தூக்கிக்கொண்டு கெஜட்டட் அலுவலரின் கையொப்பத்துக்காக அலைவீர்களே, அதே கதை இங்கேயும் உண்டு. விஸ்கான்சின் சட்டப்படி தபால் வாக்குறையின்மேல் ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும், முகவரியும் எழுத வேண்டும், அவர் அமெரிக்கக் குடிமகனாகவும் இருக்க வேண்டும். யாரோடும் நெருங்காதீர்கள், வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்று அரசாங்கம் ஒருபுறம் ஆணையிட்டிருக்கும்போது, மறுபுறம் சாட்சியைத் தேடு என்கிறது சட்டம். விஜயா சென்னையில். மேல் மாடியில் இருக்கும் நம் ஊர்ப் பையன்கள் இருவரும் விசாவில் வந்தவர்கள், ஆகவே சாட்சியாகத் தகுதியில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு முதியவர் எங்கள் வாசல் சன்னலுக்கு வெளியே நின்று, நான் கண்ணாடிக்குள்ளே இருந்து சீட்டை நிரப்புவதைப் பார்த்தார். உறையை வாசற்படியில் வைத்துவிட்டு நான் விலகிக்கொள்ள, அவர் தம் பேனாவால் கையெழுத்திட்டார். பிறகு அவருடைய உறைக்கு நான் சாட்சியானேன். உறவோ அக்கம்பக்கமோ இல்லாத, தனியாக வாழும் நோயாளிகள் என்ன செய்திருப்பார்கள் என்று எண்ணிப்பார். சாட்சி விவரம் சரியாக இல்லாத காரணத்தாலேயே ஆயிரக்கணக்கான வாக்குகள் அந்தத் தேர்தலில் தள்ளுபடியாயின.

தபால் வாக்கைப் பற்றி இங்கே இரு தரப்பும் பேசுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஒரு தரப்புக்கு அது மோசடிக்குத் திறந்த கதவு, மறு தரப்புக்கு அது சர்வரோக நிவாரணி. ஆரிகனில் 2000ஆம் ஆண்டிலிருந்து அதிபர் தேர்தலே தபாலில்தான் நடக்கிறது. வாஷிங்டன் மாநிலமும் கொலராடோவும் யூட்டாவும் அவ்வழியே வந்துவிட்டன. அவர்களுக்கு அது முடிகிறது என்றால், வாக்காளர் முகவரிகளைச் சீர்செய்வது, கையெழுத்தை ஒப்பிடுவது, உறை எங்கே இருக்கிறது என்று வாக்காளரே கண்டறிவது ஆகியவற்றையெல்லாம் ஆண்டுக்கணக்கில் பழகியிருப்பதால்தான். இங்கே சில வாரங்களில் சுமார் 13 லட்சம் பேர் தபால் வாக்குக் கேட்டார்கள். முந்தைய ஏப்ரல் தேர்தல்களில் அதில் கால்பங்குகூடக் கேட்டதில்லை. முத்திரை விழுந்து, ஏப்ரல் 7க்குப் பின் 13க்குள் வந்து சேர்ந்த வாக்குகள் மட்டும் சுமார் 79,000. தேர்தல் நாளுக்குள் வந்து சேர வேண்டும் என்ற பழைய சட்டப்படி அவை அனைத்தும் குப்பைக்குப் போயிருக்கும். நியூயார்க்கில் ஜூன் 23ஆம் தேதித் தேர்தலில் வேறொரு கூத்து: தபால் கட்டணம் முன்கூட்டியே செலுத்தப்பட்ட உறைகளுக்கு அஞ்சலகம் எப்போதும் முத்திரை குத்துவதில்லை, சட்டமோ முத்திரை இல்லாத வாக்கை ஏற்பதில்லை. ஒரு நாடாளுமன்றத் தொகுதியின் முடிவு வெளிவர ஆறு வாரமாயிற்று.

எங்கள் முடிவு ஏப்ரல் 13 மாலை வெளியாயிற்று. மாநில உச்ச நீதிமன்ற இடத்துக்கு நின்ற ஜில் கரோஃப்ஸ்கி 1,60,000க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் கெல்லியைத் தோற்கடித்தார். (இம்மாதம் முதல் தேதி, 100 மைல் ஓட்டப் பந்தயத்தின் நடுவே 35ஆவது மைலில் நின்று பதவியேற்றுக்கொண்டு மறுபடி ஓடினார். இதை நம் பெரியநாயகத்திடம் அவசியம் சொல்.) நடந்தே தீரவேண்டும் என்று அடம்பிடித்த, கெல்லியை ஆதரித்த கட்சி தோற்றது என்று பலர் மகிழ்ந்தார்கள். எனக்கு அந்த மகிழ்ச்சி ஒட்டவில்லை. வென்றது யார் என்பதைக் கொண்டு அந்த நாளை நியாயப்படுத்த முடியுமா?

நான் தள்ளிவைப்பதற்கு எதிரி அல்லன். 2001 செப்டம்பர் 11 அன்றுகூட நியூயார்க்கில் பிரைமரி வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தது. நிறுத்தி, இரண்டு வாரம் கழித்து நடத்தினார்கள், யாரும் குறை சொல்லவில்லை. என் அச்சம் வேறு. தேதியை மாற்றுவது யார், எந்தச் சட்டப்படி, மாற்றினால் மறுதேதி எது என்பவை முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் ஒரு முறை நல்ல காரணத்துக்காகத் தள்ளியது, அடுத்த முறை எந்தக் காரணமும் இல்லாமல் தள்ளப்படும். உனக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நம் நகராட்சிகளின் காலம் 2016இல் முடிந்தது. வார்டு வரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று ஏதேதோ சொல்லி, கொரோனாவின் வாடையே இல்லாத ஆண்டுகளிலெல்லாம் தனி அலுவலரை வைத்தே ஓட்டிவிட்டார்கள். உங்கள் தெருச் சாக்கடைக்கு யாரிடம் போய் முறையிடுகிறாய்?

ஜூலை 30 அன்று இந்த நாட்டின் அதிபர், மக்கள் பாதுகாப்பாக வாக்களிக்க முடியும்வரை நவம்பர்த் தேர்தலைத் தள்ளிவைக்கலாமா என்று மூன்று கேள்விக்குறிகள் போட்டு ட்விட்டரில் எழுதினார். அவருடைய கட்சித் தலைவர்களே அன்றே மறுத்தார்கள். 1845ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நாளை நிர்ணயித்திருக்கிறது. அதை மாற்ற நாடாளுமன்றத்தால்தான் முடியும். மாற்றினாலும் ஜனவரி 20 நண்பகலில் அவர் பதவிக்காலம் தானாக முடிந்துவிடும். ஆகவே தேதி நகரும் என்று நான் பயப்படவில்லை. பயம் எண்ணிக்கையைப் பற்றியது.

நீங்கள் வாக்கு எண்ணும் நாளில் காலை எட்டு மணிக்கு முதலில் எடுப்பது தபால் வாக்குகளை அல்லவா? இங்கே தலைகீழ். விஸ்கான்சின் சட்டப்படி தேர்தல் நாள் காலை ஏழு மணிக்கு முன் ஒரு தபால் உறையைக்கூடப் பிரிக்கக் கூடாது. மில்வாக்கியின் தபால் வாக்குகள் எல்லாம் ஒரே மையத்துக்குப் போய் எண்ணப்படுகின்றன. நேரில் போட்ட வாக்குகளின் நிலவரம் இரவு பத்து மணிக்கே தொலைக்காட்சியில் ஓடும், நகரத்துத் தபால் வாக்குகள் நள்ளிரவுக்குப் பின் மொத்தமாகச் சேரும். தபாலில் வாக்களிப்பவர் ஒரு கட்சி, நேரில் வருபவர் மறு கட்சி என்று இப்போதே பிரிந்துவிட்டதால், இரவில் முன்னால் நின்றவர் விடியலில் பின்னால் நிற்கலாம். திருடிவிட்டார்கள் என்று கூச்சலிட அதற்கு மேல் என்ன வேண்டும்? மாநிலத் தேர்தல் ஆணையம் சுமார் 27 லட்சம் பேருக்குத் தபால் வாக்கு விண்ணப்பம் அனுப்பவிருக்கிறது, நல்லது. அஞ்சல் துறையில் கடிதம் பிரிக்கும் இயந்திரங்களை அகற்றுவதைத் தேர்தல் முடியும்வரை நிறுத்துவதாகத் தலைமை அஞ்சல் அதிகாரி லூயி டிஜாய் சென்ற வாரம் அறிவித்தார், அதுவும் நல்லது. முன்கூட்டியே உறை பிரிக்க ஒரு சட்டத் திருத்தம் போதும். அதைத்தான் யாரும் செய்வதாகக் காணோம்.

ஜனநாயகக் கட்சியின் மாநாடு சென்ற வாரம் எங்கள் ஊரில்தான் நடந்தது, அதாவது நடந்ததாகப் பெயர். பைடன் டெலவேரில் தம் ஊரிலிருந்தபடியே பேசினார். ஐம்பதாயிரம் பேர் வருவார்கள் என்று காத்திருந்த ஓட்டல்காரர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் 80 வயது கடந்தவர்களுக்கும் தொற்றாளர்களுக்கும் தபால் வாக்கு உண்டு என்று படித்தேன். வீட்டுக்கே போய் வாங்குவார்களா? அப்போது முகவர்கள் கூடவே போவார்களா, உறையை யார் மூடுவார்? உன் அனுபவத்தில் அது எந்த இடத்தில் சிக்கும் என்று விவரமாக எழுது. எனக்கு நவம்பர் வரை தூக்கம் வரப்போவதில்லை, படிக்க ஏதாவது வேண்டும். விஜயா உங்கள் இருவரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன்,
கணேசன்