ஊசியில் நூல் கோக்கச் சொன்ன அம்மாவுக்கும் உடன் நின்ற அனைவருக்கும்

அன்புடையீர்,

மனச்சிதைவு நோய்க்காக (ஸ்கிசோஃப்ரினியா) மருத்துவமனையில் இருந்த என் தம்பி வீடு திரும்பி இன்றோடு 11 நாள்கள் ஆகின்றன. நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். அவற்றை மறுபடியும் எழுத்தில் வடிக்கும் திராணி எனக்கு இன்னும் வரவில்லை. நெஞ்சில் நிறைந்திருக்கும் நன்றியை ஆறவிடாமல் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

வந்த முதல் வாரத்தில் நலம் விசாரிக்க வந்தவர்கள் பலர். அவர்களுள் பெரும்பாலோர், தம்பி எதிரிலேயே அமர்ந்திருக்க, "இப்போது எப்படி இருக்கிறான்? ஒழுங்காகத் தூங்குகிறானா?" என்று என்னிடம்தான் கேட்டார்கள். அதில் துளியும் கெட்ட எண்ணம் இல்லை என்பதை அறிவேன். நானும் அவ்வாறே அவனுக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் மாலை எதிர் வீட்டு அம்மா வந்தார். கையில் ஓர் ஊசியும் நூற்கண்டும் இருந்தன. என்னைத் தாண்டி நேரே அவனிடம் சென்று, "தம்பி, எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, இதைக் கோத்துத் தருகிறாயா?" என்று கேட்டார்.

மாத்திரைகள் தொடங்கியதிலிருந்து அவனுடைய விரல்கள் நடுங்குகின்றன. யாரேனும் வந்தால் கைகளைப் போர்வைக்குள் மறைத்துக்கொள்வான். அன்று மறைக்க வழியில்லை. நூலின் நுனி ஊசிக்காதின் இருபுறமும் விலகி விலகிப் போயிற்று. நான் பதறி எழுந்து வாங்கிவிடப் பார்த்தபோது, அந்த அம்மா கண்ணாலேயே என்னை உட்காரச் சொன்னார். "அவசரமே இல்லை. நடுக்கம் மாத்திரையால்தானே? கூட்டத்தில் சொன்னார்கள். மருத்துவரிடம் சொன்னால் அளவைச் சரிசெய்வார்களாம், நீயாக மட்டும் நிறுத்திவிடாதே" என்று, வானிலையைப் பற்றிப் பேசும் அதே குரலில் அவனிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நான்காம் முறை நூல் நுழைந்தது. அவன் முடிச்சும் போட்டுக் கொடுத்தான். அவர் வாங்கிக்கொண்டு, மற்ற எவரிடமும் சொல்வதைப் போலவே "நன்றிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். வீடு திரும்பிய பின் அவனிடம் உதவி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் நான்கு சனிக்கிழமை மாலைகளின் உழைப்பு இருந்தது. நூலகக் கூடத்தில் மனநல விழிப்புணர்வு வகுப்பு நடத்தப்போவதாக அறிவித்தபோது, போகலாமா வேண்டாமா என்று நாங்கள் தயங்கியதையும், அதுவரை தம்பி வெளியூரில் வேலை பார்ப்பதாக நான் பலரிடம் பொய் சொல்லி வந்ததையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த என்னை முதலில் அசைத்தது, சமூகப் பணியாளர் சொன்ன ஒரு செய்தி. ஜப்பானில் மனச்சிதைவு நோய்க்கு வழங்கிவந்த பழைய பெயர் "மனம் பிளவுபட்ட நோய்" என்ற பொருள் தந்ததால், நோயாளிகளின் குடும்பத்தாரே 1993-இல் மாற்றக் கோரி, 2002-இல் அப்பெயர் மாறியது. அதற்கு முன் மருத்துவர்கள் நோயாளிகளுள் ஏறத்தாழ 37 விழுக்காட்டினருக்கு மட்டுமே நோயின் பெயரைச் சொல்லி வந்தார்கள் என்றும், மூன்று ஆண்டுகளில் அது ஏறத்தாழ 70 விழுக்காடாக உயர்ந்தது என்றும் அவர் கூறினார். நாங்களும் அந்தப் பெயரைத் தம்பியின் காதுபட ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எல்லாரும் அவனைப் பற்றியே பேசினோம், அவனோடு பேசவில்லை.

மூன்றாம் மாலையில், இதே நோயோடு பல ஆண்டுகளாக வாழ்ந்து வேலைக்கும் சென்றுவரும் ஒருவர் பேசினார். மூளையைப் பற்றிய படவிளக்கங்களைவிட அவர் பேசிய அரை மணி நேரமே கூடத்தின் முகத்தை மாற்றியது என்பது என் எண்ணம். 14 நாடுகளில் நடந்த 72 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வும், பெரியவர்களிடையே இத்தகைய நேரடிச் சந்திப்பே வெறும் விளக்க வகுப்பைவிட, மனநோயாளிகளைத் தாழ்வாகப் பார்க்கும் களங்க உணர்வைக் கூடுதலாகக் குறைக்கிறது என்று கண்டதாகப் பின்னர் படித்தேன். கேள்வி நேரத்தில் எதிர் வீட்டு அம்மா எழுந்து, "உங்களிடம் யாரும் எப்படிப் பேச வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டதும், அவர் சற்று யோசித்துவிட்டு, "என்னிடமே பேசினால் போதும்" என்று சொன்னதும் என் நினைவில் அப்படியே நிற்கின்றன.

கூடத்தைத் திறந்து தந்தவர்களுக்கும், வீடு வீடாக அறிவிப்புத் தாள் கொடுத்த இளைஞர்களுக்கும், எளிய சொற்களில் பொறுமையாக விளக்கிய மனநலச் செவிலியருக்கும், அந்த இரவில் வண்டியோடு வந்து விடியும்வரை உடன் இருந்த இருவருக்கும், தம்பியின் வேலையைக் காத்து வைத்திருக்கும் அவனுடைய மேலாளருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். உங்களுள் ஒருவரையும் நாங்கள் மறக்கவில்லை.

நான் இனி யாரிடமும் அவன் வெளியூரில் இருப்பதாகச் சொல்லமாட்டேன். அடுத்த வகுப்புத் தொடரில், குடும்பத்தார் சார்பில் பேச ஒருவர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவனுடைய சம்மதத்தோடு நான் பேசுகிறேன். தன்னைப் பற்றி என்ன சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை அவனே எழுதித் தருவதாகக் கூறியிருக்கிறான்.

எதிர் வீட்டு அம்மாவுக்கு ஒரு வார்த்தை: நூல் தீர்ந்தால் தயங்காமல் வாருங்கள். மாலை வேளைகளில் தம்பி வாசல் பக்கத்து நாற்காலியில்தான் அமர்ந்திருக்கிறான்.

நன்றியுடன்,
அவனுடைய அக்கா