பாலம் கட்டியவரும் வேலையில்லாதவரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1930களின் அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதிபர் ரூஸ்வெல்ட் 'நியூ டீல்' என்ற பெயரில் அத்தனை நிவாரணத் திட்டம் போட்டும் வேலையின்மை 14 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை, இரண்டாம் உலகப் போர் வந்துதான் அந்த நாடு மீண்டது என்கிறார் கட்டுரையாளர். அந்த 14 எப்படி வந்த எண் என்பதை அவர் சொல்லாமல் விட்டதுதான் என்னை எழுத வைத்தது.

1933இல் அமெரிக்கத் தொழிலாளரில் நாலில் ஒருவருக்கு வேலையில்லை. 1937இல் அது 14 சதவீதமாக இறங்கியது. சரி. ஆனால் பரவலாக எடுத்தாளப்படும் அந்தக் கணக்கில், அரசின் நிவாரண வேலையில் இருந்தவர்களும் வேலையற்றவர்கள்தான். வேலையற்றவர்களைப் பொதுப்பணிகளில் அமர்த்திய டபிள்யூ.பி.ஏ. திட்டம் மட்டும் 1935 முதல் 1943 வரை சுமார் 85 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தது. சாலை, பள்ளிக்கூடம், விமான நிலையம் எல்லாம் கட்டினார்கள். நாள் முழுக்கப் பாலத்துக்குக் கல் சுமந்து, அந்தக் கூலியில் வீட்டு வாடகை கட்டியவரை எந்த நியாயத்தில் வேலையில்லாதவர் என்பது? அவர்களையும் வேலையில் இருப்பவர்களாக எண்ணினால் 1937இன் அளவு 9 சதவீதத்தை ஒட்டி வருகிறது. போர் வந்தபோது படையில் சேர்ந்தவர்களை யாரும் வேலையற்றவர் பட்டியலில் வைக்கவில்லை. அவர்களுக்குச் சம்பளம் கொடுத்ததும் அதே அரசுதான்.

அப்புறம், 1937இல் நடந்ததைக் கட்டுரை தொடவே இல்லை. நிலைமை தேறிவிட்டது என்று நம்பி ரூஸ்வெல்ட் செலவைக் குறைத்தார், நிவாரண வேலைகளையும் வெட்டினார். மத்திய வங்கியும் பணப்புழக்கத்தை இறுக்கியது. அடுத்த ஆண்டே வேலையின்மை 19 சதவீதத்துக்கு ஏறியது. 1938 வசந்தத்தில் மறுபடி செலவுக்கு நிதி கேட்டு நாடாளுமன்றத்துக்குப் போனார், அந்த ஆண்டின் பிற்பாதியில் பொருளாதாரம் மீளத் தொடங்கியது. திட்டங்களால் பயனில்லை என்றால், அவற்றை வெட்டியபோது ஏன் அப்படிச் சரிந்தது?

எண்களை விடுங்கள். கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில் பல ஊர்களுக்கு அப்போது சாலையே இருக்கவில்லை. அங்கே டபிள்யூ.பி.ஏ. சம்பளத்தில் பெண்கள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் ஏறி, ஓடைப் படுகையே பாதையாக, வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோனார்கள். மாதச் சம்பளம் 28 டாலர். கிழிந்துபோன பத்திரிகைகளையும் எறியாமல், சமையல் குறிப்பு, மெத்தைவிரிப்புத் தையல் மாதிரி என்று வெட்டி ஒட்டிப் புதிதாக ஏடு தைத்துச் சுற்றுக்கு விட்டார்கள். வேலையற்ற இளைஞர்களைக் காடு வளர்ப்பு போன்ற வேலைகளில் அமர்த்திய சி.சி.சி. திட்டத்தின் முகாம்களுக்குப் போனவர்களுக்கோ மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும், பையன் கைக்கு 5 டாலர்தான். காட்டில் மரம் நட்டவனின் உழைப்பில் எங்கோ ஒரு வீட்டில் அடுப்பு எரிந்தது. ஒன்பது ஆண்டுகளில் சுமார் 30 லட்சம் பேர் அப்படிப் போய் வந்தார்கள், சுமார் 300 கோடி மரங்கள் நட்டார்கள்.

குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே நிறுத்தியது. தெற்கே கறுப்பின உழைப்பாளிகளில் பெரும்பாலோர் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். பருத்திச் சாகுபடியைக் குறைக்க அரசு கொடுத்த பணம் நிலக்காரர் கைக்குப் போனது, விளைச்சலில் பங்குக்கு உழுதவர்கள் பலர் நிலத்தைவிட்டே விரட்டப்பட்டார்கள். கட்டுரையாளர் இதைக் கேட்டிருந்தால் நானும் சேர்ந்து கேட்டிருப்பேன்.

அவர் இதன் தொடர்ச்சியை எழுதுவதாக இருந்தால், வேலையின்மையின் இரண்டு கணக்குகளையும் ஆண்டுவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்