கூட்டத்துக்கு வராதவர்களைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மாவும் நானும் படித்தோம். குடியிருப்பின் தண்ணீர்ப் பிரச்சினைக்காக நீ கூட்டிய கூட்டத்துக்கு நாலைந்து பேர்தான் வந்தார்கள், மோட்டார் பழுதுக்கும் பாதிப் பணம் உன் கையிலிருந்தே போயிற்று என்று எழுதியிருந்தாய். வருத்தமாக இருந்தது. சங்கப் பொறுப்பிலிருந்து விலகுவதும் விலகாததும் உன் விருப்பம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் “எல்லாரும் சுயநலக்காரர்கள் அப்பா, இங்கே எதுவும் நடக்காது” என்று முடித்திருக்கிறாயே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

உன்னைப் போலவே நினைத்தவர்கள் உண்டு. 1968-இல் கேரட் ஹார்டின் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலம் ஒன்று இருந்தால் ஆளாளுக்கு ஒரு மாட்டைக் கூடுதலாக ஓட்டிவிடுவார்கள், கடைசியில் புல்லே மிஞ்சாது என்பது அவர் வாதம். அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டும், இல்லையென்றால் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று பலரும் அதிலிருந்து முடிவு கட்டிக்கொண்டார்கள்.

எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் அந்த முடிவை அப்படியே நம்பவில்லை. மக்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார், பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டினார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அவர் எடுத்துக்காட்டிய ஊர்களில் ஒன்று சுவிட்சர்லாந்து மலையிலுள்ள டோர்பெல். குளிர்காலத்தில் எத்தனை மாடுகளுக்குத் தீனி போட முடியுமோ, அத்தனை மாடுகளைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்று அங்கே 1517-லேயே விதி எழுதி வைத்திருக்கிறார்கள். மாட்டை எண்ணிப் பார்த்தால் போதும், யார் மீறினார் என்று தெரிந்துவிடும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது துருக்கியின் அலன்யா கடற்கரை மீனவர்களின் கதை. 1970-களின் தொடக்கத்தில் நல்ல இடத்துக்காக அவர்களுக்குள் அடிதடி வரை போனது. பிறகு கூட்டுறவுச் சங்கத்தார் உட்கார்ந்து பேசி, வலை போடும் இடங்களுக்கெல்லாம் பெயர் வைத்துப் பட்டியல் போட்டார்கள். ஒருவர் வலை அடுத்தவருக்கு வரும் மீனை மறிக்காதபடி இடைவெளி விட்டார்கள். செப்டம்பரில் சீட்டுக் குலுக்கல். அவரவருக்கு விழுந்த இடத்திலிருந்து தினமும் ஓரிடம் கிழக்கே நகர வேண்டும், ஜனவரிக்கு அப்புறம் மேற்கே. இதனால் நல்ல இடமும் மோசமான இடமும் எல்லாருக்கும் மாறி மாறி வரும். இதில் காவலுக்கென்று தனியாக ஆள் வேண்டியதில்லை, கவனித்தாயா? நல்ல இடம் கிடைத்திருக்கிற அன்றைக்கு அதற்கு உரியவர் விடிவதற்குள் அங்கே நிற்பார். வேறு யாராவது புகுந்தால் மற்றவர்களும் அவர் பக்கம்தான் நிற்பார்கள், நாளைக்கு அந்த இடம் தங்களுக்கும் வருமே. இந்த ஏற்பாடும் ஒரே நாளில் அமைந்ததில்லை. பத்து வருஷத்துக்கு மேல் மாற்றி மாற்றிச் செய்துபார்த்துத்தான் சரிசெய்தார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. அதே துருக்கியின் போத்ரும் பக்கத்தில் பெரிய படகுகளும் புதிய ஆட்களும் வந்து குவிந்தார்கள். யாருக்கு உரிமை, யாருக்கு இல்லை என்ற வரையறை இல்லாமல் போனதால் உடன்பாடு எட்டவில்லை. அலன்யாக்காரர்கள் நல்லவர்கள், போத்ரும்காரர்கள் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை அம்மா. அலன்யாவில் இருந்த ஏற்பாடு போத்ருமில் இல்லை, அவ்வளவுதான்.

உன் குடியிருப்பிலும் இதைத்தான் பார்க்கிறேன். வாட்ஸ்அப்பில் “அனைவரும் ஒத்துழைக்கவும்” என்று போட்டால் யாரும் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தான் தண்ணீரைக் குறைத்தாலும் மாடியில் உள்ளவர் குறைக்கப் போவதில்லை என்று நினைக்கிறவர் எதற்குக் குறைப்பார்? பணம் கொடுக்காதவர்களில் பாதிப் பேர் ஏமாற்றுக்காரர்களாக இருக்க மாட்டார்கள். தான் மட்டும் ஏமாந்துவிடக் கூடாதே என்று பயப்படுகிறவர்களாக இருப்பார்கள்.

அதனால் வீட்டுக்கு வீடு எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது முதலில் எல்லார் கண்ணிலும் படட்டும். மீட்டர் வைத்து, படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். குறிக்கிற வேலை மாதம் ஒரு வீடாகச் சுற்றி வரட்டும், நீ மட்டும் செய்யாதே. எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுவது, தவறினால் என்ன செய்வது என்பதையெல்லாம் அவர்களே பேசி முடிவு செய்யட்டும், வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்த்து. அவர்களும் அதே தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள்! முதல் தடவை தவறியவருக்கு அபராதம் வேண்டாம், ஒரு வார்த்தை சொன்னால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். எடுத்த எடுப்பில் இணைப்பைத் துண்டித்தால் பகைதான் மிஞ்சும். அப்புறம், இனிமேல் உன் கைப்பணத்தைப் போடாதே. நீ போடப் போட மற்றவர்களுக்கு அது பொதுச் செலவாகவே தெரியாது.

எட்டு மாதமாகப் பூனைக்கு மணி கட்ட நீ ஒருத்தியே அலைந்திருக்கிறாய். களைப்பு வராமல் எப்படி இருக்கும்? அடுத்த கூட்டத்துக்கு அறிவிப்பு ஒட்டுவதற்கு முன்னால் சில வீடுகளுக்கு நேரில் போ. ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கேள். கூட்டத்தில் எப்போதும் எதிர்த்துப் பேசுகிறார் என்று ஒரு பெரியவரைப் பற்றி எழுதியிருந்தாயே, முதல் மாதக் கணக்கு குறிக்கிற வேலையை அவரிடமே கேட்டுப் பார். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா