ஆப்பிரிக்க மூதாதையரின் எலும்புகளைக் காப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஆப்பிரிக்காவில் கிடைத்த மனித எச்சங்களைத் தங்கள் பொறுப்பில் வைத்திருக்கும் அருங்காட்சியகங்கள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் காப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பழைய எலும்புகளில் மிஞ்சியிருக்கும் டி.என்.ஏ.வை எடுத்து ஆராயும் தொல்மரபணு ஆய்வுக்காக உங்களிடம் வரும் விண்ணப்பங்கள் பலவும் மண்டையோட்டில் ஒரே இடத்தைக் குறிவைக்கின்றன. உட்செவியைச் சூழ்ந்திருக்கும் அந்த எலும்பு மிகவும் அடர்த்தியானது. வெப்பமும் ஈரமும் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும் நிலப்பகுதிகளில், உடலின் வேறெங்கும் ஒன்றும் மிஞ்சாதபோதும் அதற்குள் ஏதேனும் மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு. நத்தை ஓடுபோல் சுருண்ட அதன் உட்பகுதியைக் குடைந்து, சில பத்து மில்லிகிராம் பொடி எடுக்கிறார்கள். குடைந்த இடம் மீண்டும் வளராது. ஒருவருக்கு இந்த எலும்பு இடமும் வலமுமாக இரண்டுதான். அவற்றில் ஒன்றை எந்த ஆய்வகத்துக்கும் தராமல் காக்க வேண்டும் என்பதும், மற்றொன்றைத் தருமுன் அந்த மண்ணின் மக்களோடு கலந்துபேச வேண்டும் என்பதுமே என் வேண்டுகோள்.

ஆய்வே கூடாதென்று நான் சொல்லவில்லை. கேமரூனின் ஷும் லாகா பாறைக்குகையில் புதைக்கப்பட்டிருந்த நான்கு குழந்தைகளில் இருவர் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கும், இருவர் ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவர்கள். ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் இன்று பேசப்படும் பாந்து மொழிகளின் தாயகம் என்று கருதப்படும் வட்டாரத்தில் வாழ்ந்தும், அவர்கள் இன்று அங்கே வாழ்வோரைவிட மத்திய ஆப்பிரிக்காவின் வேட்டைச் சமூகங்களுக்கே நெருக்கமானவர்கள் என்று 2020இல் தெரியவந்தது. தென்னாப்பிரிக்காவின் பாலிட்டோ விரிகுடாவில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டு பழைமையான சிறுவனின் மரபணுவைக் கொண்டு, இன்றைய மனித இனத்தின் மிகப் பழைய கிளைப்பிரிவு 3,50,000 முதல் 2,60,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்திருக்கும் என்று 2017இல் கணித்தார்கள். மண்பாண்டமோ கற்கருவியோ இவற்றை நமக்குச் சொல்லியிருக்காது.

ஆனால் அவசரத்துக்கு ஒரு விலை உண்டு. எத்தியோப்பியாவின் மோட்டா குகையில் கிடைத்த, ஏறத்தாழ 4,500 ஆண்டு பழைமையான மனிதரின் முழு மரபணுத்தொகுதி 2015இல் வெளியானபோது, யூரேசிய (ஐரோப்பிய, ஆசிய) வம்சாவளி ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதும் பரவியதாக அறிவிக்கப்பட்டது. கணினி நிரல்கள் ஒன்றோடொன்று பொருந்தாததால் நேர்ந்த பிழை அது என்று கண்டறிந்து, மறு ஆண்டே ஆசிரியர்கள் அந்த முடிவைத் திருத்திக்கொண்டார்கள். அவர்களின் நேர்மை பாராட்டத்தக்கது. தரவு பொதுவில் இருந்ததால்தான் புதிதாக எலும்பைத் தொடாமலே பிழையைத் திருத்த முடிந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கலந்துபேசுதல் வெறும் அனுமதிச் சடங்கல்ல. சுவாஹிலிக் கரையோர மக்கள் தங்கள் முன்னோருள் பாரசீகர் உண்டென்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் கி.பி. 1250 முதல் 1800 வரை வாழ்ந்தோரின் மரபணுக்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, பாரசீக வழி பெரும்பாலும் ஆண்கள் மூலமும், ஆப்பிரிக்க வழி பெண்கள் மூலமும் வந்ததைக் காட்டியது. சிறிதளவு இந்திய வழியும் அதில் இருந்தது. அம்மக்களின் வாய்மொழியை முதலிலேயே மதித்துக் கேட்டிருந்தால் நல்ல கேள்விகள் முன்பே எழுந்திருக்கும் என்பது என் கருத்து.

இதைச் செய்துகாட்டிய இடமும் உண்டு. 1920களில் உறவினரின் ஒப்புதலின்றிக் கேப் டவுன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவரப்பட்ட, தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்து ஊரைச் சேர்ந்த ஒன்பது பேரின் எலும்புகள் அங்கே இருப்பது 2017இல் வெளிச்சத்துக்கு வந்தது. பல்கலைக்கழகம் சந்ததியினரைத் தேடிச் சென்றது. அவர்கள் யார், எப்படி வாழ்ந்தார்கள் என்று அறியச் சந்ததியினரே விரும்பியதால் ஆய்வு நடந்தது. 2023 நவம்பரில் எலும்புகள் சதர்லாந்திலேயே அடக்கம் செய்யப்பட்டன.

அடுத்த விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன், எலும்பை முப்பரிமாண ஊடுகதிர்ப் படமெடுத்துவிட்டார்களா, மிஞ்சும் பொடி எங்கே யார் பொறுப்பில் இருக்கும், முடிவு வெளியாகுமுன் அம்மக்களிடம் அவர்கள் மொழியில் யார் சொல்வார்கள் என்று எழுத்துமூலம் விளக்கம் கேளுங்கள். விளக்கம் வராத விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பும் அதிகாரம் உங்களுக்கு உண்டு.

இங்ஙனம்,
தொல்மரபணு ஆய்வைத் தொடர்ந்து வாசித்துவரும் ஒரு தமிழ் வாசகர்